வாசலில் சொன்ன நிய்யத்து

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் பக்கமிருந்து கஞ்சி வாசம் வந்தது. வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதிக்கிற வாசம். யுத்தம் முடிந்தும் அரிசி இன்னும் ரேஷனில்தான் வருகிறது, கஞ்சி முன்போல் கெட்டியாக இல்லை, ஆனால் வாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் எங்களுக்கும் சேர்த்து வாங்கி வருகிறேன் என்று தூக்குவாளி கேட்டு வந்தாள். கொடுத்தேன். வாங்கியவள் உடனே போகவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்து, ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திரும்பினாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பிள்ளை மிரண்டு ஓடிவிட்டது. அது போன பிறகு உட்கார்ந்து அழுதேன். நீ இல்லாமல் வருகிற முதல் நோன்பு இது.

உனக்கு ஸலாம். பதில் வராது என்று தெரிந்தே சொல்கிறேன். மகளின் பேனாவையும் பள்ளிக்கூடத் தாளையும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ராயப்பன்பட்டியில் கன்னியாஸ்திரிகளிடம் நாலெழுத்துப் படித்தது இதற்காவது ஆகட்டும். பேசுகிற மாதிரியே எழுதுகிறேன். எனக்கு வாய் எப்படியென்று உனக்குத் தெரியாதா?

அந்த வருஷத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மகளின் அத்தா, என் புருஷன், குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். மலைக்காய்ச்சல் வந்து, கீழே கொண்டுவருவதற்குள் மவுத்தாகிவிட்டார். அப்போது மகள் வயிற்றில் இருந்தாள். உத்தமபாளையத்தில் அவர் விட்டுப்போன இந்த இரண்டு அறை ஓட்டு வீட்டில் நான் இத்தா இருக்க உட்கார்ந்தேன். புருஷன் இறந்தவள் நம் வழக்கப்படி வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். வயிற்றில் பிள்ளை இருந்தால் பிள்ளை பிறக்கும்வரை. வெள்ளைத் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, நிலைப்படி தாண்டாமல், தொப்பி பின்னிக்கொண்டு கிடந்தேன்.

கம்பத்திலிருந்து அண்ணன் வந்து, "பாக்க ஆளில்லாம இங்கன எப்படி இருப்ப, என்னோட வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் வீட்டில் எனக்கு ஒரு மூலை கிடைக்கும், சோறு கிடைக்கும், அவ்வளவுதான். பிள்ளை அந்த மூலையிலேயே பிறந்து, அந்த மூலையிலேயே வளர்ந்து, யாராவது கூப்பிட்டால் ஓடுகிற பிள்ளையாக ஆகிவிடும். என் வீட்டில், அதன் அத்தா வீட்டில், அது பிறக்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். "ஆளில்லன்னா தூக்கிட்டுப் போயிருவேன்" என்றார் அண்ணன். ஆகவே எனக்கு ஆள் வேண்டும். ஆனால் யாரிடமும் கேட்க எனக்கு வாய் வராது. வைவதற்கு வருகிற வாய் கேட்பதற்கு வராது.

நான் கேட்காமலே நீ பார்த்தாய். நீ பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரின் மகள். உன் அத்தா காலமான பிறகு தெருப் பிள்ளைகளுக்கு உன் வீட்டு முற்றத்தில் நீதான் குர்ஆன் ஓதிக்கொடுத்தாய். பிள்ளைகள் உன்னை மோதினாரம்மா என்று கூப்பிட்டார்கள். என்னைவிட ஒரு வயசோ இரண்டு வயசோ மூத்தவள், அதை வைத்து ஒரு நாளும் அதிகாரம் பண்ணியதில்லை. எனக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர ஆளில்லை என்று தெரிந்ததும் பிள்ளைகளை அனுப்பினாய்.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு பாடமும் நடத்திவிட்டாய். எந்த நல்ல காரியமும் நிய்யத்தை, மனசில் வைக்கிற எண்ணத்தை, கொண்டுதான். மனசு சரியில்லாமல் மலையைத் தூக்கி வைத்தாலும் அது கணக்கில் வராது. பிள்ளைகளுக்கு நிய்யத்து என்றால் என்ன தெரியும்? நோன்புக்குச் சொல்லிக்கொடுப்பது தெரியும். நாளைய நோன்பைப் பிடிக்க நிய்யத்து செய்கிறேன் என்று எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்வார்களே, அதுதான். அந்த அச்சிலேயே இதற்கும் ஒன்று தயார் பண்ணிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

காலை வெயில் ஏறுகிற நேரம். எதிர்வீட்டில் நெல் குத்திக்கொண்டிருந்தார்கள். என் வாசலில் குடமும் செம்புமாக வரிசையாக நின்று, மவ்லிது ஓதுகிற ராகத்தில் ஒரே குரலாகச் சொன்னார்கள். "புருஷன் மவுத்தாகிப்போன பாவப்பட்ட பொம்பளைக்கு, அல்லாஹுத் தஆலாவுக்காக, தண்ணீர் எடுத்துக் கொடுக்க நிய்யத்து செய்கிறேன்."

எதிர்வீட்டு உலக்கை நின்றுவிட்டது. தெருவே காது கொடுத்தது. எனக்குக் காதிலிருந்து உச்சி வரைக்கும் எரிந்தது. கதவிடுக்கில் நின்று, "பாவப்பட்ட பொம்பள இங்கன யாரும் இல்ல. அடுத்த தெருவுல இருந்தாலும் இருப்பா, போய்த் தேடிப் பாருங்க" என்று சொல்லித் தாழ்ப்பாளைப் போட்டேன். பிள்ளைகள் கொஞ்ச நேரம் நின்றார்கள். அப்புறம் குடங்களை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். நான் எடுக்கவில்லை. தாகத்துக்கு முந்தின நாள் மிச்சத்தைக் குடித்துவிட்டு, லுஹர் தொழுகைக்கு, கைகால் கழுவத் தண்ணீரே கிடைக்காதவள் மாதிரி, சுவர் மண்ணில் கையைத் தட்டித் தயம்மும் செய்து தொழுதேன்.

நீ அன்றைக்கே வந்தாய். வந்ததும் என் கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாய்.

"என்ன புள்ள இது? தண்ணி வாசல்ல நிக்குது, நீ மண்ணத் தடவிக்கிட்டு தொழுதியா?"

"எனக்குத் தண்ணி இல்ல. அது பாவப்பட்ட பொம்பளைக்கு வந்த தண்ணி."

"வீம்புக்குச் செஞ்ச தயம்மும் செல்லாதுடி. திருப்பித் தொழு."

"ஒம் பிள்ளைக செஞ்ச நிய்யத்து செல்லுமா? அத மொதல்ல சொல்லு."

நீ சிரித்தாய். பிறகு நடந்ததைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினாய். முகம் சுண்டிப்போயிற்று. "தப்பு பிள்ளைக மேல இல்ல. வாயால சொல்லுறது நோன்புக்குப் பழக்கம். இதுக்கு மனசுக்குள்ளன்னு நான் சொல்லல" என்றாய். குடங்களை நீயே உள்ளே தூக்கி வந்து அண்டாவில் ஊற்றினாய். நான் திரும்பத் தொழுதேன். கோபம் தீரவில்லை, இருந்தாலும் தொழுதேன்.

மறுநாள் பிள்ளைகள் திருத்தத்தோடு வந்தார்கள். அதுதான் அதைவிடப் பெரிய கூத்து. வாயைத் திறக்கவில்லை. வாசலில் வரிசையாக நின்று, கையைக் கட்டி, கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். தெருவில் போன ஒருத்தி, "யா அல்லா, இந்த வீட்டுல இன்னொரு மவுத்தா?" என்று நெஞ்சில் கைவைத்துவிட்டாள். ஜனாஸாத் தொழுகைக்கு நிற்பது மாதிரி நின்றால் வேறு என்ன நினைப்பாள்? நான் கதவைத் திறந்து, "ஏலே, நான் இன்னும் சாகல. தண்ணிய ஊத்திட்டுப் போங்க" என்று கத்தினேன். பாதிப் பிள்ளைகள் ஓடிவிட்டன. ஜொகரா மட்டும் ஓடவில்லை.

ஜொகரா உன்னிடம் ஓதியவர்களில் கேள்வி கேட்டே உன் உயிரை வாங்கியவள். பால்பல் விழுந்து முன்வாசல் திறந்து கிடந்த வயசு. என்னைச் சாச்சி என்று கூப்பிடுவாள். எனக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டு நேராக உன்னிடம் போய் ஒன்று கேட்டாளாம். அதை நீ சாயங்காலம் என்னிடம் வந்து சொன்னபோது உன் குரலே சரியில்லை.

"அல்லாவுக்காகத் தண்ணி எடுக்குறோம்னா, அப்ப சாச்சிக்காக எடுக்கலையான்னு கேக்குறா. எனக்குப் பதில் வரல புள்ள."

"உனக்கா வரல?"

"வரல. ஏன்னு யோசிச்சேன். நானே உனக்காக அனுப்பலையே."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாய். மோதினார் மகள் பிள்ளைகளுக்கு வாயடிக்க மட்டும்தான் பழக்குகிறாள், நல்லது கெட்டது சொல்லிக்கொடுப்பதில்லை என்று பள்ளிவாசல் தெருப் பெண்கள் பேசிக்கொண்டது உன் காதுக்கு வந்திருக்கிறது. அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் பிள்ளைகளை வரிசை கட்டி அனுப்பியிருக்கிறாய். "பிள்ளைகளுக்கு நிய்யத்து சொல்லிக்கொடுக்குற நான், என் நிய்யத்தையே கோணலா வச்சிருந்தேன்" என்று சொல்லி, துப்பட்டி முனையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாய். நான் அதுவரைக்கும் உன்னை அழுது பார்த்ததில்லை. என் கோபமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. உன்மேல் அப்படி ஒரு பாசம் வந்தது. ஊர் வாய்க்கு நானும்தானே பயந்துகொண்டு கிடந்தேன்.

"ஒன் நிய்யத்து கோணலா இருந்தா என்ன, கொடம் நேரா வந்துச்சு. நான் குடிச்சேன், வயித்துல இருக்கிறது குடிச்சுச்சு. இனிமே நிய்யத்த நேராக்கிக்க" என்றேன். மூக்கைச் சிந்திக்கொண்டே, "நீ எனக்குப் பாடம் எடுக்குறியாக்கும்" என்றாய்.

அதற்குப் பிறகு நீ செய்ததை நான் வேறு எந்த ஓதுகிற இடத்திலும் பார்த்ததில்லை. என்ன நன்மை செய்தீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்பதை விட்டுவிட்டாய். பாடம் முடிந்து துஆவுக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும், "இன்னைக்கு யாருக்கு என்ன முடியலன்னு பாத்த?" என்று மட்டும் கேட்பாய். பார்த்ததைச் சொல்லலாம், அதற்குத் தான் செய்ததைச் சொல்லக் கூடாது. அதுதான் சட்டம். பிள்ளைகளுக்கு அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உன் முற்றத்துச் சத்தம் எனக்குச் சுவர் தாண்டிக் கேட்கும். "கசாப்புக்கடை ராவுத்தருக்குச் செருப்பு அறுந்துபோச்சு, நான் போயி" என்று ஒருவன் தொடங்குவான். "போதும், உக்காரு" என்பாய். சொல்ல முடியாமல் அவன் நெளிவது எனக்கு இங்கிருந்தே தெரியும். தொப்பி பின்னிக்கொண்டே நான் தனியாகச் சிரிப்பேன்.

பார்க்கச் சொன்னதும் பிள்ளைகள் பார்க்கத் தொடங்கினார்கள். என் வீட்டுக்கு வந்தவர்கள் நான் குனிய முடியாமல் மூச்சு வாங்குவதைப் பார்த்து, குடத்தைக் கீழே வைக்காமல் அரிசிப் பெட்டிமேல் வைத்தார்கள். அடுப்பங்கரையை யாரும் எட்டிப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது என்று கண்டுபிடித்து, அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார்கள். நான் தண்ணீர் சிந்தினதற்கு வைவேன், காலைக் கழுவாமல் வந்ததற்கு வைவேன், காரணம் கிடைக்காவிட்டால் சும்மாவும் வைவேன். அவர்கள் என் வாயைப் பார்த்துக் கேட்டுவிட்டு, மறுநாளும் வருவார்கள்.

மாசம் நெருங்கின சமயத்தில் அண்ணன் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்திருந்தது. கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. "பாக்க ஆளில்லாட்டி இத்தா இருக்குற எடத்த மாத்தலாம்னு பள்ளிவாசல் ஆலிம்சா சொல்லிட்டாக. துணிமணிய எடுத்து வை" என்றார். ஆள் இருக்கிறது என்றேன். யார் என்றார். தெருப் பிள்ளைகள் என்று சொன்னால் என்ன நினைப்பார்? தங்கச்சி ஊரார் தர்மத்தில் தண்ணீர் குடிக்கிறாள் என்று கேட்டால் ஒரு நிமிஷம் என்னை அந்த வீட்டில் விடமாட்டார். நான் தொப்பியை எடுத்துப் பின்னத் தொடங்கினேன்.

அந்த நேரம் பார்த்து ஜொகரா குடத்தோடு உள்ளே வந்தாள். பழைய ராகத்தை எடுத்தாளானால் வீடு போயிற்று. அவள் அண்ணனைப் பார்த்தாள், குடத்தை அரிசிப் பெட்டிமேல் ஏற்றினாள், அண்டாவில் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள்.

"யாரு புள்ள ஒன்னய அனுப்புனது?" என்றார் அண்ணன்.

"யாரும் அனுப்பல மாமு."

"நன்மை கெடைக்கும்னு ஓதிக்கொடுக்கிற அம்மா அனுப்பினாகளா?"

"அது மொதல்ல சொன்னாக. இப்பல்லாம் சொல்றதில்ல."

"அப்புறம் எதுக்கு வர்ற?"

"சாச்சி நல்லா வைவாக. ஒரு நா வராட்டி எனக்குப் பொழுதே போகாது" என்றாள். பிறகு வண்டியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "சாச்சியக் கூட்டிட்டுப் போறீகளா? அவுக குனியக் கூடாது மாமு, குனிஞ்சா மூச்சு வாங்குது. எடது பக்கம் படுத்தாத்தான் தூக்கம் வருது. புளி வாசம் ஆகல. அங்கன இதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

அண்ணனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். அப்புறம் ஜொகராவிடம், "எனக்கும் ஒரு செம்பு தண்ணி குடு" என்றார். குடித்துவிட்டு எழுந்தார். "பொறந்ததும் சொல்லியனுப்பு. அரிசி மட்டும் நான் அனுப்புவேன், அதுக்கு நீ வாயத் தொறக்கக் கூடாது" என்றார். ஜமுக்காளத்தைச் சுருட்டி என் அறையில் வைத்துவிட்டு, வெறும் வண்டியோடு கம்பத்துக்குத் திரும்பினார்.

நீ செய்தி கேட்டு ஓடி வந்தாய். ஜொகரா சொன்னதை ஒரு சொல் விடாமல் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாய். சிரிக்கிறாயா அழுகிறாயா என்று எனக்கு விளங்கவில்லை.

"அல்லாவுக்காகன்னு ஒரு வார்த்த அவ சொல்லல, பாத்தியா?" என்றேன் உன்னைச் சீண்ட.

"ஆமா, சொல்லல. அதச் சொன்னப்ப அதுக கண்ணுல நீயே தெரியல. இப்ப நீ தெரியுற." நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். "அன்னைக்கு அவ கேட்டாளே புள்ள, அல்லாவுக்காகன்னா சாச்சிக்காக இல்லையான்னு. ரெண்டும் ஒண்ணுதான். எனக்குச் சொல்லத் தெரியல, அவளே கண்டுபுடிச்சுட்டா."

மகள் இந்த வீட்டில்தான் பிறந்தாள். உன் மடியில்தான் முதலில் கிடந்தாள். உன் முற்றத்தில் ஓதினாள், பார்த்ததைச் சொல்லி, செய்ததைச் சொல்ல முடியாமல் நெளிந்தாள். இப்போது அவள் எதிரே வந்தாலே ஏதாவது பார்த்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீ போன பிறகு நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதை எனக்கு முன்னால் அவள்தான் கண்டுபிடித்தாள். சொல்லவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். பிள்ளை பட்டினி கிடக்குமே என்று நான் சாப்பிட வேண்டியதாகிவிட்டது. உன்னைத்தான் வைதேன்.

நீ போன நாளைப் பற்றி யாரிடமும் நான் பேசவில்லை. மார்கழிக் குளிர், மலைக்காற்று தெருவுக்குள் வந்து அடித்துக்கொண்டிருந்தது. உன்னைக் குளிப்பாட்டப் பெண்கள் கூடினோம். உன்னிடம் ஓதிய பெண்களில் பலர் வந்திருந்தார்கள். சின்னமனூரில் வாழ்க்கைப்பட்ட ஜொகராவும் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். திரையைக் கட்டினார்கள். குளிப்பாட்டத் தெரிந்த ஒரு பெரியம்மா என் கையில் செம்பைக் கொடுத்து, "நீங்கதான் அவுகளுக்கு நெருக்கம். நிய்யத்து வச்சுக்கிட்டு ஊத்துங்க" என்றார்.

எனக்கு நிய்யத்து வரவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும், நாக்குக்கும் நெஞ்சுக்கும் எதுவும் வரவில்லை. நீ கிடந்தாய். இனி நான் எதைச் செய்தாலும் நீ பார்க்கப் போவதில்லை, சிரிக்கப் போவதில்லை, பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை. தண்ணீருக்குள் கையை விட்டேன். சில்லென்று இருந்தது.

"இத ஊத்தாதீக. அவளுக்குக் குளிரும்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். மய்யித்துக்கு என்ன குளிர் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜொகரா குழந்தையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, எழுந்து போய் அடுப்பை மூட்டினாள்.

தண்ணீர் பதமாகும்வரை எல்லோரும் காத்திருந்தோம். கையில் விட்டுப் பார்த்துத்தான் உன்மேல் ஊற்றினேன். இப்போதும் யாருக்குத் தண்ணீர் கொடுத்தாலும் முதலில் செம்பைத் தொட்டுப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த நிய்யத்து இது ஒன்றுதான்.